பழைய முறையில் திற

கோமளா கட்டைவிரல் நகத்தால் கீபோர்டிலிருந்து பொரியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு பொரி என்றால் பரவாயில்லை. எண்டர் பட்டனுக்கு அடியில் நாலைந்து, நாட்டுச் சர்க்கரையோடு சேர்ந்து பிசினாகிக் கிடந்தன. அழுத்தினால் பட்டன் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மானிட்டரின் நெற்றியில் பூசிய சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மவுசைத் திருப்பிப் பார்த்தாள். எவனோ புண்ணியவான் அதன் வயிற்றில், வெளிச்சம் வருகிற ஓட்டையை ஒட்டியே, குங்குமம் வைத்திருந்தான். புதன்கிழமை ஆயுத பூஜை, வியாழன் விஜயதசமி, அதோடு ஞாயிறு வரை ஒட்டி லீவு விட்டாயிற்று. அந்த ஐந்து நாளில் வாழையிலை அழுகிய வாடையும் லேத்து எண்ணெய் வாடையும் கலந்து, அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த ஷெட் குமட்டியது. கோமளா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள்.

திரையில் வட்டம் சுற்றியது. ‘அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம், 4%’ என்று ஆங்கிலத்தில் வந்தது.

முதலாளி பரந்தாமன் பக்கத்திலிருக்கும் கோவில்பதாகை ஊர்க்காரர். தலைமுறை தலைமுறையாய் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாக மாறியபோது ஊர்க்காரர்கள் பலர் மாடி வீடு கட்டி வாடகை வாங்கிக்கொண்டு உட்கார, இவர் மட்டும் பிடிவாதமாய் லேத்து மெஷின்கள் வாங்கிப் போட்டு, கார் கம்பெனி ஒன்றுக்கு புஷ் என்கிற உலோக வளையங்கள் கடைந்து கொடுக்க ஆரம்பித்தார். பத்து வருடமாய் ஓடுகிறது. சரக்கு போகிற ஒவ்வொரு நாளும் கம்பெனியின் இணையதளத்தில் விவரம் ஏற்றி, கேட் பாஸ் நம்பர் எடுக்க வேண்டும். நம்பர் இல்லாத வண்டியை கேட்டுக்குள் விடமாட்டார்கள். குறித்த நேரத்துக்குள் வண்டி நுழையாவிட்டால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்கு. பரந்தாமனுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது.

அந்தத் தளம் இருக்கிறதே, அதைக் கட்டியவன் கட்டிவிட்டு ஓடிப்போயிருக்க வேண்டும். உலகமே கைவிட்டுவிட்ட பழைய நீலநிற பிரவுசரில் மட்டும்தான் அது வேலை செய்யும். புது பிரவுசரில் திறந்தால் படம் வரும், எழுத்து வரும், ‘கேட் பாஸ் எடு’ என்கிற பட்டன் மட்டும் சாம்பல் பூத்துப்போய்க் கிடக்கும். பழையதிலும் சும்மா வேலை செய்துவிடாது. முதல் இரண்டு எச்சரிக்கைகளை மூடிவிட்டு மூன்றாவதற்கு ‘சரி’ சொல்ல வேண்டும். தேதியில் மாதத்தை முன்னால் போட வேண்டும். முதல் தடவை ‘சேமி’ அழுத்தினால் தப்பு என்று சொல்லும். பயப்படாமல் ஒரே ஒரு முறை பின்னால் போய் மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு முறை பின்னால் போனால் ஏற்றியதெல்லாம் போச்சு. இத்தனையும் கோமளாவுக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைம்மா என்று பரந்தாமன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒரு தடவை பேனா இல்லை, ஒரு தடவை தலைவலி, இன்னொரு தடவை ‘சொன்னா புரியாது சார், கைக்குத்தான் வரும்.’ பன்னிரண்டாம் வகுப்பு படித்த, நாற்பத்தாறு வயதுப் பொம்பளையை எஸ்டேட்டில் வேறு எவன் வேலைக்கு எடுக்கப் போகிறான்? மகள் நிஷா நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம். அந்தச் சனியன் பிடித்த தளத்தை நினைத்தாலே கோமளாவுக்குக் குமட்டும். ஆனால் அவள் நாற்காலிக்கு நாலு காலும் அதுதான்.

அந்த நாற்காலியை ஆட்ட ஏற்கெனவே ஒரு ஆள் வந்தாகிவிட்டது. பரந்தாமனின் மருமகள் நிவேதிதா, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், ஐ.டி. வேலை, பட்டாபிராமில் புது ஃப்ளாட். அந்த ஃப்ளாட்டில் வாரத்தில் நாலு நாள் அடுப்பு எரிவதில்லை என்பது ஷெட் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதைப் பரப்பியது கோமளாதான் என்பதும் தெரியும். பூஜை அன்று பட்டுப்புடவையில் வந்தவள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதுக்கு ஒரு ஆள் எதுக்கு மாமா, விவரம் அனுப்பினால் நானே வீட்டிலிருந்து அரைமணியில் ஏற்றிவிடுவேனே என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சுண்டல் மென்றுகொண்டிருந்த கோமளா மிச்சத்தை அப்படியே இலையோடு மடித்து வைத்தாள்.

இருபது நிமிடம் கழித்து திரை தெளிந்தது. பழைய பிரவுசரின் சின்னமான நீல எழுத்தைத் தேடினாள், காணோம். எங்கோ மூலையில் கிடந்ததைக் கண்டுபிடித்து அழுத்தினால், புது பிரவுசர் வந்து நின்றுகொண்டு வரவேற்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதுவேதான் வந்தது. சரியென்று அதிலேயே தளத்தைத் திறந்தாள். பட்டன் சாம்பல். தெரிந்தே அதைப் பதினோரு தடவை அழுத்தினாள். பல்லில் கல் கடிபட்டால் மறுபடி மறுபடி அதே இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஏழு நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒருவன் வந்து, தளம் ஆதரிக்கும் பிரவுசரைப் பயன்படுத்துங்கள் மேடம் என்றான். எது அது என்று கேட்டதற்கு, எது செத்துப்போனதோ அதன் பெயரைச் சொன்னான். அது இப்போது கிடையாதே என்றதற்கு, புகார் பதிவாகிவிட்டது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வரும் என்று சொல்லிவிட்டு, தன் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டான். கோமளா போனை மேஜையில் கவிழ்த்தாள். டிரைவர் மதுரைவீரன் சரக்கு வண்டியோடு காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டான். பன்னிரண்டு மணிக்குள் நம்பர் வேண்டும். மணி ஒன்பதே முக்கால்.

துடைப்பத்தோடு வந்து நின்றாள் பேபி. ஷெட்டைப் பெருக்குகிறவள், டீ வாங்கி வருகிறவள், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அறிந்தவள்.

“இன்னாக்கா, மூஞ்சி பேயடிச்ச மாரி கீது?”

“யாரோ இதை அப்டேட் போட்டுட்டாங்க” என்றாள் கோமளா.

பேபி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “யாரோவா? நல்லாக் கீதே கதை. தட்டப் புட்சிகினு பக்கத்துல நின்னவ நானு. நீதான் குனிஞ்சி அமுக்கினே.”

பேபி சொன்னது சத்தியம். தினம் சாயந்திரம் அவள் சுவரில் இருக்கிற ஸ்விட்சைத் தட்டி அணைப்பதுதான் வழக்கம். முறையாக அணைக்கப் போனால் ‘அப்டேட் செய்து அணைக்கவா’ என்று கேட்கும். இரண்டு வருடமாய் அவள் அதற்கு இடம் கொடுத்ததில்லை. பூஜை அன்று பரந்தாமன் கற்பூரத் தட்டோடு லேத்து, டிரில்லிங் மெஷின், கிரைண்டர் என்று ஒவ்வொன்றாய்ச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மெஷினும் அணைந்து அமைதியாக நின்றது. கடைசியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து தட்டைப் பேபியிடம் கொடுத்துவிட்டு, அதையும் அமத்தும்மா, இன்னிக்கி அதுக்கும் ஓய்வு என்றார். எல்லாரும் கைகூப்பி நிற்க, கற்பூரம் எரிய எரிய, ஓடுகிற மெஷினைச் சுவரோடு தட்டி அணைப்பது கோமளாவுக்குக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பட்டது. பூஜைக்கு மரியாதையாக, பவ்யமாகக் குனிந்து, அது காட்டிய பட்டனையே அழுத்தினாள். விஜயதசமி அன்று வந்தவர்கள் லேத்தைப் பேருக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. ஐந்து நாளாய் அந்தப் பட்டன் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

பரந்தாமன் வந்தபோது மணி பத்தரை. வாசலிலேயே ஆரம்பித்தார்.

“இன்னா கோமளா, மதுரைவீரன் மூணு தபா போன் பண்ட்டான். குட்டி யானை வண்டிய ஓரங்கட்டுன்னு செக்கூரிட்டி தொரத்துறானாம். நம்பர் எங்க?”

விஷயத்தைக் கோமளா சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை பேபி மேல் போனது. ஈரத்துணி போட்டு மானிட்டரைத் துடைத்தாயா, கண்ட பட்டனில் கையை வைத்தாயா, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று பிடித்துக்கொண்டார். பேபி கோமளாவைப் பார்த்தாள். கோமளா கீபோர்டைப் பார்த்தாள். ஒரு பொரி இன்னும் மிச்சமிருந்தது. அதை எடுப்பதில் அப்போது அவளுக்கு அவ்வளவு அக்கறை. பேபி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் பக்கவாட்டில் துப்பினாள். வெற்றிலை போடாதவள் துப்பினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு.

பரந்தாமன் மருமகளுக்குப் போன் போட்டார்.

பதினொன்றே காலுக்கு நிவேதிதா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வரும்போதே காதில் ஏதோ மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. “ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க” என்று கோமளாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மவுசைத் திருப்பி, விரலில் ஒட்டியதைப் பார்த்து, “ச்சீ” என்று டிஷ்யூ பேப்பரில் குங்குமத்தைத் துடைத்தாள். அதைத் துடைக்கத் தனக்குத் தோன்றவில்லையே என்று கோமளாவுக்கு எரிந்தது. ஆன்ட்டியாம். அக்கா என்று சொன்னால் வாய் வெந்துவிடுமோ.

நிவேதிதா பிரவுசரின் உள்ளே போய், அதற்குள் ஒரு அறை, அந்த அறைக்குள் ஒரு அலமாரி என்று நுழைந்து, ‘பழைய முறையில் திற’ என்று ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். தளத்தின் முகவரியை அங்கே இருந்த பட்டியலில் ஏற்றினாள். தளத்தை மறுபடி திறந்தாள். ஓரத்தில் சின்னதாக அந்த நீல எழுத்து எட்டிப் பார்த்தது. பட்டனில் நிறம் வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பரந்தாமன் ஷெட்டே அதிரும்படி “அடி சக்க” என்றார்.

ஆனால் தளம் தன் குணத்தைக் காட்டியது. நிவேதிதா தேதி போட்டாள், தப்பு என்றது. சேமித்தாள், தப்பு என்றது. இரண்டு முறை பின்னால் போனாள், எல்லாம் அழிந்தது. மணி பதினொன்று முப்பத்தைந்து. கோமளாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அது நாலு விநாடிதான் நீடித்தது. நிவேதிதா எழுந்து, செல்போனை எடுத்து, அவள் தோளுக்கு மேல் பிடித்தாள்.

“நீங்க பண்ணுங்க ஆன்ட்டி. நான் வீடியோ எடுத்துக்கிறேன். வாயாலயும் சொல்லிக்கிட்டே பண்ணுங்க.”

பரந்தாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமளா உட்கார்ந்தாள். முதல் எச்சரிக்கையை மூடினாள், இரண்டாவதை மூடினாள், மூன்றாவதற்குச் சரி சொன்னாள். அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது: மாதம் முன்னால், தப்புன்னு சொல்லும், பயப்படக் கூடாது, ஒரு தடவைதான் பின்னால். காதோரம் நிவேதிதாவின் மூச்சும் மல்லிகை சென்ட்டும் பட, நாலு பேர் பார்க்கத் துணி மாற்றுகிற மாதிரிக் கூசியது. எண்டர் பட்டன் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நகத்தால் நெம்பி எடுத்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நம்பர் விழுந்தது. பரந்தாமன் அதைப் போனில் மதுரைவீரனுக்கு ஒவ்வொரு எண்ணாகக் கத்தினார். வண்டி நுழைந்துவிட்டது என்று சேதி வந்தது.

“கோமளா” என்றார் அவர், நல்ல மனசோடுதான். “இனிமே இந்தப் பேஜாரெல்லாம் நீ பட வேணாம்மா. இந்த மாசம் பூரா கூட இருந்து காட்டிக் குடு. அடுத்த மாசத்துலேர்ந்து ஊட்லேர்ந்தே நம்ம நிவேதிதா பாப்பா பாத்துக்கும். நீ ஜாலியா செலான மட்டும் பாரு.”

சரக்கோடு அனுப்புகிற சீட்டு எழுதும் செலான் புத்தகம் வாரத்துக்கு நாலு பக்கம். அதைப் பார்க்க ஒரு ஆளை எத்தனை மாதம் வைத்திருப்பார் என்பது அவருக்கே இன்னும் தெரியாது. கோமளாவுக்குத் தெரிந்தது.

வீட்டிலிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரை இயக்க ஒரு வழியும் செய்து வைத்துவிட்டு, நிவேதிதா வாசலில் நின்று தன் மேனேஜரிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திறந்த ஜன்னல் திரையில் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் காட்டுகிற எதையும் கடைசி எழுத்து வரை படிக்கிற பழக்கம் கோமளாவுக்கு உண்டு. படிக்காமல் அழுத்துகிறவர்களுக்குத்தான் தைரியம் வரும். பட்டியலில் தளத்தின் முகவரி, பக்கத்தில் ஏற்றிய தேதி, அதற்கும் பக்கத்தில் இன்னொரு தேதி. நவம்பர் ஐந்து. காலாவதி என்று மேலே போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில், முப்பது நாள் கழிந்தால் இந்த முகவரி பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும், மறுபடி ஏற்ற வேண்டும் என்று இருந்தது. வீடியோவில் இது இல்லை. கோமளா கணக்குப் போட்டாள். நவம்பர் ஆறாம் தேதி வியாழக்கிழமை. சரக்கு போகிற நாள். பட்டாபிராமில் பட்டன் சாம்பலாகும், மீட்டிங்குக்கு நடுவே அவள் ஏனென்று கண்டுபிடிப்பதற்குள் மூன்றாவது புள்ளி விழும். ஷெட்டில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பேபியையும் சேர்த்து.

“எல்லாம் ஓகே தானே ஆன்ட்டி? கிளம்பட்டா?” நிவேதிதா ஹெல்மெட்டை மாட்டியபடி கேட்டாள்.

கோமளாவின் கை மவுசின் மேல் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, புளித்த மோர் மாதிரி ஒரு ருசி.

“ஓகேதாம்மா” என்றாள். “பாத்துப் போ. ரோடெல்லாம் தோண்டி வெச்சிக்கிறானுங்க.”

திரையிலிருந்த ஜன்னலை மூடினாள். மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த பேபி நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள். வெளியே, ஷெட் வாசலில் குங்குமம் கொட்டி உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய் ஐந்து நாள் வெயிலில் ஈ மொய்த்துக் கிடந்தது. நிவேதிதா இரண்டு காலையும் அகட்டித் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி வளைக்கப் பார்த்தாள். பின்சக்கரம் ஒரு துண்டின் மேல் ஏறிவிட்டது. வண்டி லேசாக அலைந்து, நிமிர்ந்தது. அவள் கவனிக்கவில்லை. அழுகிய சதை டயரில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சிமெண்ட் ரோட்டில் சிவப்பாய்க் கறை வைத்தபடி, எஸ்டேட் திருப்பம் வரை போனது.