கிலோவா, கிராமா?

...இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வேகமானதையே வைத்துவிடலாம், கோட் எடிட்டரில் விரிந்த பட்டியலில் எத்தனையோ ஏஐ மாடல்கள் இருந்தாலும் ஜென்சியின் கண் இரண்டில்தான் நின்றது, ஒன்று, சொன்னதும் கோட் எழுதிக் கொட்டுகிறது, இன்னொன்று நிதானமாக யோசித்துவிட்டு நம்மையே கேள்வி கேட்கிறது, தில்லைநகர் அலுவலகத்தில் அவளுடைய டீம் முழுவதற்கும் எது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும், செய்வாள், இத்தனை வருஷமாக அதைத்தானே செய்கிறாள்... குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கான மென்பொருள், எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும், திங்கட்கிழமை வார்டுக்குப் போகிறது. நிதானமான மாடல் மறுபடி கேட்டது, எடை கிலோவிலா, கிராமிலா? கிலோதான், இது கூடவா தெரியாது... செட்டிங்ஸைத் திறந்து மாடலுக்கான நிரந்தரக் கட்டளைகளில் ஒரு வரி சேர்த்தாள், 'கேள்வி கேட்காதே, சொன்னதைச் செய்.' ஆனாலும், பிறந்த குழந்தைக்கு? மகன் பிறந்தபோது இரண்டரைக் கிலோ என்று எல்லோருக்கும் போனில் சொன்னாளே, ஆனால் தொட்டிலில் கட்டியிருந்த அட்டையில் என்ன எழுதியிருந்தது, ஏன் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது...

வார்டு நர்ஸ் லிசிக்குப் போன் போட்டாள். “பச்சப்புள்ளைங்களுக்கு கிராம்லதாங்க எழுதுவோம், ஏன் கேக்கறீங்க?” சும்மாதான் என்று சொல்லி வைத்தாள், இரண்டாயிரத்து நானூறு என்று நர்ஸ் அடிப்பார், மென்பொருள் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு மருந்தை... வேண்டாம், அதற்குமேல் நினைக்க வேண்டாம், பிடித்துவிட்டோமல்லவா, இன்னும் வெளியே போகவில்லையே. சேர்த்த வரியை அழித்தாள். மருந்துக் கணக்குக்கு நிதானமானது, திரைகளை வடிவமைக்க வேகமானது, எது எழுதினாலும் டீமில் ஒருவர் பார்த்துச் சம்மதிக்காமல் மென்பொருளுக்குள் ஏறக்கூடாது... எடையோடு கிலோவா கிராமா என்பதையும் கேட்டு வாங்கும்படி மாற்றி, ஓட்டிப் பார்த்தாள், அளவு சரியாக வந்தது, மூச்சும் சீராக வந்தது, இதற்குத்தானே நான் இருக்கிறேன்.

எதிர் மேஜையில் இருந்த ஹாலித்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். போன வாரம் வார்டில் பயிற்சி கொடுக்கப் போய்வந்தவன் அவன். “ஆமாக்கா, அங்க கிராம்தான். அன்னிக்கே பாத்தேன்.”

“ஏன்ப்பா சொல்லல?”

“உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு விட்டுட்டேன்க்கா.”

மரியாதையாகத்தான் சொன்னான், குத்தலே இல்லை, அவளும் சிரித்துத் தலையாட்டினாள், அவன் போய் உட்கார்ந்துகொண்டான். திரும்பத் திரையைப் பார்த்தாள், பிறகு அறையைப் பார்த்தாள், எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், எவ்வளவு அமைதியான டீம் என்று மேலதிகாரியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்... இவர்களில் யாராவது கடைசியாகத் தன்னிடம் ஏன் என்று கேட்டது எப்போது?