பொரொண்டாவின் வலது கை

இகுயோ கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று விலைச்சீட்டை மூன்றாவது முறையாகப் படித்தாள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் யென். சைபர்களை விரலால் எண்ணிப் பார்த்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெட்டியின் எண் 214. ஒசாகாவில், நிப்பொன்பாஷியின் பழைய பொம்மைக் கடைத் தெருவில், ஒரு மாடிக் கடை. சுவர் முழுக்க முழ அகலக் கண்ணாடிப் பெட்டிகள். மாத வாடகை கட்டினால் யார் வேண்டுமானாலும் தன் பொம்மைகளை அதில் பூட்டி வைத்து, தானே விலை எழுதி விற்கலாம். விற்றதில் பத்தில் ஒரு பங்கு கடைக்கு.

உள்ளே நின்றது பொரொண்டா. பதின்மூன்று வாரம் டிவியில் வந்து நின்றுபோன ஒரு தொடரின் ராட்சதன். ஒரு சாண் உயரம், பச்சை உடம்பு, தவளை வாய். வலது கை மட்டும் கொஞ்சம் வெளுத்த பச்சை. இடது கொம்பின் நுனி உடைந்து, அந்த இடத்தில் நகப்பூச்சு. அந்த நகப்பூச்சு இகுயோவுடையது. தம்பி தெட்சுஜி சொல்லாமல் எடுத்துப் பூசியது. அதற்காக இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

தெட்சுஜி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அச்சுக் கிடங்கில் வேலை பார்த்தவன், ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

இகுயோ இருபத்தாறு வருடமாக ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருப்பவள். குடை தன்னுடையது என்று வந்து நிற்பவனிடம் கைப்பிடியில் என்ன அடையாளம் என்று கேட்பாள். கேட்டதும் சிலருடைய கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். அந்தக் கண்ணை அவள் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள்.

இப்போது அவளுக்கு நினைவு வந்தது சொகாபேயின் கண்.

சொகாபே தெட்சுஜியின் ஒரே சிநேகிதர். முப்பது வருடப் பழக்கம். இரண்டு பேருமே கையில் காசில்லாத சேகரிப்பாளர்கள். மாதம் மூவாயிரம் யென்னுக்கு மேல் பொம்மைக்குச் செலவழிப்பதில்லை என்று தெட்சுஜி வைராக்கியமாக இருந்தான். வெளியூர்ச் சந்தைக்குப் போனால்கூடக் கையில் உப்பிட்ட பிளம் வைத்த சோற்று உருண்டைதான். முழுப் பொம்மை அவனுக்குக் கட்டுப்படியாகாது. கடைகளின் உடைசல் கூடைகளில் குனிந்து கிடப்பான். இந்த மாதம் ஒரு தலை, அடுத்த வருடம் ஒரு கால்.

சாவு காரியங்கள் முடிந்து நாற்பத்தொன்பதாம் நாள் கழிந்ததும் சொகாபேதான் வந்து எல்லாவற்றையும் மதிப்பிட்டுக் கொடுத்தார். நாற்பத்து மூன்று பொம்மைகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பினார், உள்ளங்காலின் எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார், மூக்கருகே வைத்து முகர்ந்தார். பழசுக்கும், பின்னால் போலியாக வார்க்கிற மறுவார்ப்புக்கும் வாசனை வேறாம். ஒரு தாளில் வரிசையாக விலை எழுதினார். நாற்பத்திரண்டைக் கடைக்கே கொண்டுபோய் விற்று, பணத்தையும் ரசீதையும் அவள் கையில் கொடுத்தார். ஒன்றை மட்டும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இத நான் எடுத்துக்கறேன்க்கா. ஆறாயிரத்து ஐந்நூறு. சரியா?"

அப்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. பொரொண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலைச்சீட்டில் எட்டு என்ற எண்ணை எழுதியவர் சிறிய வட்டம் ஒன்றின்மேல் இன்னொரு வட்டத்தை வைத்திருந்தார். சொகாபே கொடுத்த தாளிலும் எட்டு அப்படித்தான். பெட்டியில் பக்கத்தில் நின்ற நான்கைந்து பொம்மைகளுக்கும் அதே கையெழுத்து. எல்லாமே லட்சங்கள். சாவி வெட்டுகிறவர் என்று நினைத்த மனிதர் எவ்வளவு பெரிய வியாபாரி.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் போனாள். "இருநூத்திப் பதினாலு யாரோட பெட்டிம்மா?"

"அதச் சொல்லக்கூடாதுங்க."

"இந்த விலைக்கெல்லாம் வாங்கறாங்களா?"

அந்தப் பெண் எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கினாள். "விலை அவங்க இஷ்டங்க. நாங்க எதுவும் பேசக்கூடாது."

மறுநாள் வேலை முடிந்து இகுயோ நம்பா சுரங்கப் பாதைக்குப் போனாள். அங்கே ஒரு ஆள் நிற்கும் அளவு கடையில் சொகாபே சாவி வெட்டுவார், குதிகால் தேய்ந்த செருப்பு தைப்பார். பசை தடவிக்கொண்டு அவர் மனைவி முக்காலியில் இருந்தாள்.

"வாங்கக்கா. சாவியா, செருப்பா?"

"சும்மாதான் இந்தப் பக்கம் வந்தேன். பொரொண்டா எப்படி இருக்கான்?"

இயந்திரம் நின்றது. மனைவி தலை தூக்கினாள்.

"அவனா? அப்பவே வித்தாச்சேக்கா. ஏழாயிரத்துக்கு ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்."

"ஐந்நூறு லாபம் வந்துதாக்கும்" என்றாள் மனைவி. "அதான் எங்க வீட்டுக் கூரையெல்லாம் தங்கமா மின்னுது."

"நீ பசையப் பாரு. காயுது."

"பொம்மை வித்த காசு என் கண்ணுல பட்டதே இல்லக்கா. போன ஜென்மத்துல இவரு பொம்மையா இருந்து நான் உடைச்சிருப்பேன்."

சொகாபே சிரித்தார். சிரிக்கும்போது கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இகுயோவைப் பார்க்கவில்லை. குடை கேட்டு வருகிறவன் கடிகாரத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பூஜை மாடத்தில் தம்பியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பணம் போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முப்பது வருடம் ஒரு மனிதனை நம்பி, அவன் பக்கத்தில் நின்று உடைசல் கூடையைக் கிளறிய தெட்சுஜியை நினைத்தால்தான் பொறுக்கவில்லை. அவனுக்கு இருந்தது ஒரு சிநேகிதம். அதுவும் மறுவார்ப்பா?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது. பொம்மை கைக்கு வர வேண்டும். பணம் சொகாபேயின் கைக்குப் போக வேண்டும். அவர் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தால் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

பல் கட்ட என்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்தாள். ஜூன் மாத மழையில் நனைந்துகொண்டே போய்க் கல்லாவில் வைத்தாள்.

கடைப் பெண் பணத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "பெட்டி 214ஆ? நிச்சயமாத்தானா?"

"ஏன், விக்கற பொருள்தானே?"

"விக்கற பொருள்தாங்க" என்று அந்தப் பெண் சாவிக் கொத்தைத் தேடினாள். எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு சாவி போட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டி திறந்தது.

அவ்வளவு விலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, சமையலறை மேசையில் பொரொண்டாவைக் கிடத்தி, ஹேர் டிரையரைப் போட்டாள். தெட்சுஜி செய்வதைப் பார்த்திருக்கிறாள். தோள் மூட்டில் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகும். மெல்லத் திருகி இழுத்தால் கை கழன்று வரும். உள்ளே எல்லாம் வெற்றுக் கூடுதான்.

இடது கையிலிருந்து ஒரு சுருட்டிய காகிதம் விழுந்தது. தம்பியின் சின்ன எழுத்து. "இடது கை. கியோட்டோ கோயில் சந்தை. 200. நல்ல மழை."

தலையைக் கழற்றினாள். "தலை. கோபே, உடைசல் கூடை. 300." அதன் கீழே உடம்புக்குள் இன்னொன்று. "உடம்பு. நாரா. நாய் கடித்தது. 500."

கடைசியாக வெளுத்த கை. "வலது கை. சொகாபேயுடையது. பதினோரு வருடம் தேடியும் வேறு கிடைக்கவில்லை. நான் போனால் அவனிடம் போக வேண்டும்."

இகுயோ டிரையரை அணைத்தாள். மொத்தமாகவே ஆயிரம் யென் பொம்மை. நாலு பிணத்திலிருந்து ஒன்றாக ஒட்டியது. அதற்கு ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்த மனிதர் தம்பியை ஏமாற்றவில்லை. அப்படியானால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம்? ஆயிரம் யென் பொம்மையை மினுக்கி வைத்து ஒரு ஏமாளிக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த ஏமாளி இதோ, கழற்றிய கைகளுக்கு நடுவில், பல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கதவு மணி அடித்தது. சொகாபே. நனைந்த குடையை மடக்காமலே நின்றார். வழக்கமாக வந்ததும் நேரே தம்பியின் படத்துக்குப் போய்ப் பூஜை மணியைத் தட்டுகிறவர், அன்று போகவில்லை.

"முதல்ல உங்ககூட சண்டை. அப்புறம்தான் அவனுக்கு ஊதுபத்தி" என்றார். "கண்ணாடி போட்ட அம்மா, நெத்தியில மருன்னு கடைப் பொண்ணு சொன்னா. உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சாக்கா? அத எதுக்கு வாங்கினீங்க?"

"நீங்க எதுக்கு வித்தீங்க?"

"நான் எங்க வித்தேன்? விக்கக்கூடாதுன்னுதானே அந்த விலை போட்டேன்."

இகுயோ அவர் கையிலிருந்த குடையை வாங்கி மூலையில் சாய்த்தாள்.

"எங்க வீட்டுல ஒரு பொம்மை உள்ள வந்தா நீ வெளிய போன்னு சொல்லியிருக்கா அவ. பதினாலு வருஷமா அந்தப் பெட்டிதான் எனக்கு அலமாரி. விலையே போடாம வெக்க கடைக்காரன் விடமாட்டான். கம்மியாப் போட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். அதனால எவனும் தொடாத விலை. அந்தத் தெருவுல பாதிப் பெட்டி அப்படித்தான். சனிக்கிழமையானா போய் நின்னு பாத்துட்டு வருவோம். தெட்சுஜிக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது. ஏழாயிரத்துக்கு வித்தேன்னு சொன்னீங்க."

"பசை டப்பாவோட பக்கத்துல உக்காந்திருந்தாளே, கவனிக்கலயா?"

இகுயோ அந்த முக்காலியை நினைத்துப் பார்த்தாள். தலை தூக்கிய மனைவி. திருப்பித் திருப்பிப் பார்த்த சாவி.

"என்னைத் திருடன்னு நெனச்சீங்க" என்றார் சொகாபே.

"ஆமா."

அவர் தலையாட்டினார். நனைந்த சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். "கமிஷன்னு இருபத்தெட்டாயிரத்தக் கடைக்காரன் புடிச்சுக்கிட்டான். எழுதினவன் ஒரு முட்டாள், வாங்கினவங்க ஒரு முட்டாள். ஆளுக்குப் பாதி. என் பங்கு பதினாலாயிரத்தையும் சேத்து வெச்சிருக்கேன். எண்ணிக்கங்க."

"வேண்டாம்."

"எண்ணுங்கக்கா. நீங்க எண்ணாம விடற ஆளில்ல."

அவள் எண்ணினாள். சரியாக இருந்தது. அப்போதுதான் அவர் மேசையில் கிடந்த கைகளையும் தலையையும் பார்த்தார். இகுயோ நான்காவது காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் படித்தார். படித்து முடித்தும் லென்ஸை எடுக்கவில்லை.

"பைத்தியக்காரன்" என்றார் கடைசியில். "இது கடன் இல்லக்கா. அவனோட நாப்பதாவது பொறந்த நாளுக்கு நான் குடுத்தது. பொட்டலம் கட்டி, மேல நாடா வெச்சு. சும்மா குடுத்திருப்பேன்னு அவன் நம்பவே இல்ல பாருங்க."

"எங்க வீட்டு ரத்தம் அப்படி" என்றாள் இகுயோ.

காகிதங்களை அதே சுருளாகச் சுருட்டி உள்ளே போட்டார்கள். அவள் டிரையரைப் பிடிக்க, அவர் ஒவ்வொரு மூட்டாக அழுத்தி ஏற்றினார். வலது கையை ஏற்ற மட்டும் நேரம் பிடித்தது. அவர் கண் சரியாகத் தெரியவில்லை என்றார். பொரொண்டா எழுந்து நின்றதும் போய் மணி தட்டி ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தார்.

"நாளைக்குப் பெட்டியில வெச்சுடறேன். விலையக் கொஞ்சம் ஏத்தணும். இந்தத் தடவை நாலு லட்சம் போடறேன்."

இகுயோ பேனாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பத்து லட்சம்னு போடுங்க" என்றாள். "என்கிட்ட அவ்வளவு கிடையாது."