ஆர்லோ ஃபென்விக்கின் சாவுக் காட்சி

ஆர்லோ ஃபென்விக் 1938 வரை இருபத்தாறு வருடத்தில் நூற்று எழுபது படங்களில் நடித்தான். ஒன்றில்கூட அவனைச் சாக விடவில்லை. ஹாலிவுட்டில் சாவு ஒரு பதவி. நாயகன் சாவான், வில்லன் சாவான், நாயகியின் அம்மா வெள்ளைத் தலையணையில் தலை கலையாமல் சாவாள். ஓட்டல் குமாஸ்தா சாவதில்லை. ரயிலில் டிக்கெட் பார்ப்பவன் சாவதில்லை. ஆர்லோ இவர்களாகத்தான் வந்துபோனான். நானும் அவனைப் போலத் துணை நடிகன்தான்; படத்துக்குப் படம் நீதிபதி, சுத்தியலைத் தட்டி "அமைதி" என்று சொல்லியே வயதானவன்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. எதையாவது பார்ப்பான், கண்டுகொள்ளாமல் திரும்பிக்கொள்வான், பிறகுதான் உறைத்து வெடுக்கென்று மறுபடி பார்ப்பான். தியேட்டரே குலுங்கும். ஸ்டுடியோவில் அதற்கு 'ஆர்லோவின் இரண்டாம் பார்வை' என்றே பெயர். தெருவில் யாராவது செய்துகாட்டச் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். ஆனாலும் செய்துகாட்டுவான்.

1938இல், ஐம்பத்தொன்பதாவது வயதில், அவனுக்குச் சாவு வாய்த்தது. தங்கம் தேடி அலையும் ஜெப் என்ற கிழவன், பாலைவனத்தில் தன் கழுதையிடம் நான்கு நிமிடம் பேசிவிட்டுச் சாகிறான். டைரக்டர் ஹார்ட்டனுக்குக் குதிரை ஏறத் தெரியாது. ஆனால் முழங்கால் பூட்ஸும் கையில் சவுக்கும் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டார். சவுக்கு நுனியால் ஆர்லோவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"மூஞ்சி சரி. பல்லுதான் பொய் சொல்லுது. முப்பது வருஷம் பாலைவனத்துல கெடந்தவனுக்கு ஏதுய்யா இவ்ளோ பல்லு?"

இதற்கெல்லாம் ஒப்பனை அறையில் பல்லை மறைக்கும் கறுப்புச் சாயம் புட்டி புட்டியாக இருக்கிறது. ஆர்லோ வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போய், இருந்த இருபத்தெட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

ஸ்டுடியோ வாசலுக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஹெஸ்டர்.

"சாயம் பூசினாப் போதாதாடா மடையா?" என்றேன்.

"சாயம் குமாஸ்தாவுக்கு. இது ஜெப். ஒரே ஒரு தடவ, ஜனங்க என்னப் பாத்து சிரிக்காம இருக்கணும், ஓரன். நாலே நிமிஷம். பல்லு போனாப் போவுது."

"இந்த மனுஷன்கிட்ட உருப்படியா இருந்ததே அந்தப் பல்லுதான். அதையும் கலைக்குக் குடுத்துட்டு வந்து நிக்குது" என்றாள் ஹெஸ்டர்.

அந்தக் காட்சி எடுத்த அன்று நானும் போயிருந்தேன். குறை சொல்லத்தான் போனேன், முடியவில்லை. விளக்குப் பிடிப்பவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஹார்ட்டன்கூட அழுதார். பூட்ஸோடுதான், ஆனால் நிஜக் கண்ணீர்.

படத்தை வெளியிடுமுன், முன்னறிவிப்பில்லாமல் ஏதோ ஒரு தியேட்டரில் போட்டுக்காட்டி, ஜனங்களிடம் அட்டையும் பென்சிலும் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது எங்கள் வழக்கம். பல லட்சம் டாலர் செலவழித்த முதலாளிகள், வேறு படம் பார்க்க வந்த ஒரு மளிகைக்காரரின் கையெழுத்துக்காக நகம் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் படத்தைப் பக்கத்து ஊரான க்ளெண்டேலில் போட்டார்கள். ஆர்லோவும் ஹெஸ்டரும் உட்கார்ந்த வரிசைக்கு அடுத்த பின்வரிசையில் நான்.

ஜெப்பின் முகம் வந்ததுமே ஒரு பெண் கத்தினாள்: "ஏ, இவன்டீ! அந்த ஓட்டல்காரன்!"

சிரிப்பு தொடங்கியது. பல்லில்லாத உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே மடிந்து வெளியே வந்தது. "என்ன விட்டுட்டுப் போயிடாத" என்று கழுதையைக் கெஞ்சினான், கூரை பிய்ந்தது. கண்ணை மூடினான். திடீரென்று அமைதி. உருக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டாம் பார்வைக்காகக் காத்திருந்தார்கள். அது வராததால் யாரோ கத்தினார்: "எந்திரிச்சுப் பாரு கிழவா!"

அட்டைகளில் முக்கால்வாசி ஒன்றையே சொன்னது: கிழவன் பிரமாதம், வயிறு வலிக்கச் சிரித்தோம், அவனை ஏன் கொன்றீர்கள்?

வெளியே காருக்குப் பக்கத்தில் ஆர்லோ கேட்டான்: "நீ சிரிச்சியா?"

"ச்சே, இல்லடா."

"இருபது வருஷமா நீதிபதி நாற்காலியில சிரிப்ப அடக்கிட்டு ஒக்காந்திருக்க. அப்ப ஒன் மூக்குலேந்து ஒரு சத்தம் வரும். எனக்குப் பின்னாடி அந்தச் சத்தம் கேட்டுச்சு, ஓரன்."

நான் காரின் கைப்பிடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹார்ட்டன் பதவி உயர்வு தருபவர்போல் அவனைக் கட்டிப்பிடித்தார். "ஃபென்விக், சந்தோஷ சமாச்சாரம்! நீ பொழச்சுக்கிட்ட!"

கடைசி அரை நிமிடத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். ஜெப் கண்ணை மூடுவான். கழுதை முகத்தை நக்கும். ஜெப் விழித்துக் கழுதையைப் பார்ப்பான், திரும்பிக்கொள்வான், பிறகு மறுபடி பார்ப்பான்.

அவனைக் காட்சிக்காக நிறுத்தியிருந்த தட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "முடியாதுன்னு சொல்லுடா."

"சொல்லிட்டு? பல்லில்லாத ஓட்டல் குமாஸ்தாவ எவன்டா கூப்புடுவான்?"

கழுதைக்கு ஆறு முறை எடுக்க வேண்டியிருந்தது. ஆர்லோவுக்கு ஒரே முறை போதுமாயிருந்தது.

அதன் பிறகு அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நடிகர் தேர்வு அலுவலகத்தில் அவன் அட்டையில் இருந்த 'குமாஸ்தா'வை அடித்துவிட்டு 'பல்லில்லாத கிழவன், தமாஷ்' என்று தட்டச்சு செய்தார்கள். ஒன்பது வருடமாகக் கிணற்றில் விழுகிறான், பன்றி துரத்த ஓடுகிறான். சாவதில்லை.

போன வாரம் அதே காப்பிக் கடையில் ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். அயோவாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி அருகில் வந்தாள்.

"நீங்க அந்தக் கழுதைக் கிழவர்தானே? ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்!"

ஆர்லோ ரொட்டியை வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். அவளைப் பார்த்தான், திரும்பிக்கொண்டான், மறுபடி பார்த்தான்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். என் மூக்கில் அந்தச் சத்தம் வந்துவிட்டது.

இப்போதெல்லாம் அவன் காது சிவப்பதில்லை. ரொட்டியை எடுத்து மறுபடியும் காப்பியில் அமுக்கினான்.