வெறும் வயிற்றில் ஒரு கார்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். சுவர் மெல்லியது, என் காது கூர்மையானது. இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை. பக்கத்து வீட்டுச் சின்னக் கார் தினமும் காலை ஆறேகாலுக்குக் கிளம்பும். முதல் கியரில் நகர்ந்து, என் ஜன்னலுக்கு நேராக வந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை எழுதப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

"கர்ர்ரக் என்று" – தவளை வந்துவிட்டது. "பல்லை நறநறவென்று கடிப்பதுபோல" – தூக்கத்தில் என் வீட்டுக்காரர் கடிப்பதே எனக்குப் போதும். "இரும்பு டப்பாவில் ஆணிகளைப் போட்டு யாரோ" – யார்? எதற்கு? விட்டுவிட்டேன். சத்தம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

2

காரை ஓட்டுபவளுக்குத் தெருவில் ஊசிக்காரி என்று பெயர். [வைத்தது நானில்லை. பரப்பியது நானாக இருக்கலாம்.] ஒரு பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். ஒன்பது மணிக்குள் பதினோரு வீடு. எல்லாரும் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். பசியில் எரிந்து விழுவார்கள். கார் போனால் அந்த வேலையும் போகும்.

புருஷன் மெத்தைக்கடை வைத்திருப்பவர். வியாழக்கிழமை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

"உனக்கு கிளட்ச்ச முழுசா மிதிக்கவே தெரியல. சாயங்காலம் நான் ஓட்டறப்ப ஒரு முனகலாவது வருதா? எல்லாம் உன் கால் பண்ற வேலை."

"நீங்க ஓட்டறது கடைத்தெரு வரைக்கும்."

"எதுவரைக்கும் ஓட்டுனா என்ன? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்து காரை எடுத்துக்கறேன்னுட்டார். மொத்தமா நாசமாகறதுக்குள்ள குடுத்துடுவோம்."

மாப்பிள்ளை என்பது அவருடைய தங்கையின் கணவர். நான் அப்போது ஒரே செடிக்கு மூன்றாவது முறையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

3

இந்த இடத்தில் "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். புருஷனும் கூடப் போனார். ஒர்க்‌ஷாப்காரர் மூன்று சுற்று ஓட்டினார். சத்தமே இல்லை.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா. கால மட்டும் கொஞ்சம் நல்லா அழுத்துங்க."

மெத்தைக்கடைக்காரர் முகத்தில் கல்யாணக் களை. ஊசிக்காரி தன் இடது காலைக் குனிந்து பார்த்தாள். ஏழு வருஷமாகக் கிளட்ச்சை மிதிக்கும் அதே கால். இத்தனை நாளும் அது தப்புப் பண்ணிக்கொண்டிருந்ததா என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், மறைக்காதீர்கள்.

4

நோயாளிகளின் விவரம் எழுதும் நோட்டில் அவள் காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். [அதை நான் எப்படிப் பார்த்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.] நியூட்ரலில் நின்றால் சத்தமில்லை. நின்றபடி கிளட்ச்சை மிதித்துவிட்டாலும் இல்லை. ரிவர்ஸில் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும். அதுவும் முதல் மூன்று வீடுகள் வரைதான்; நான்காவது வீட்டுக்கு அப்புறம் சுத்தமாக நின்றுவிடுகிறது.

சனிக்கிழமை தனியாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அங்கே நான் இல்லை. பேச்சு அவள் சொன்னது, ஏற்ற இறக்கம் மட்டும் என்னுடையது.

"என் கால்தான் தப்புன்னா ரிவர்ஸ்தானே தம்பி முதல்ல கத்தணும்?"

அவர் கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார். "கத்தணும்தான். கிளட்ச் அரைகுறையா இருந்தா ரிவர்ஸ் பல்லுதான் முதல்ல உரசும்."

"நேத்து நீங்க ஓட்டிப் பாத்தது எப்போ?"

"நீங்க கொண்டாந்து விட்டதுமே."

"அரை நாள் ஓடி சூடான வண்டிய. உங்கம்மா வயிறு முட்ட சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தா, வெறும் வயித்து சர்க்கரைன்னு நான் ரத்தம் எடுப்பேனா?"

"அதுக்கு இப்ப என்னக்கா பண்ணணும்?"

"நாளைக்கு ஆறேகாலுக்கு வீட்டுக்கு வாங்க. உங்கம்மாவுக்கு ரத்தம் எடுக்க நான் வீடு தேடி வரல?"

5

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த கார். ஒர்க்‌ஷாப்காரர் பக்கத்து சீட்டில் ஏறினார். பாதித் தூக்கத்தில் வந்த புருஷனிடம் அவள் சாவியை நீட்டினாள்.

"நீங்களே ஓட்டுங்க. நல்லா முழுசா மிதிங்க."

மிதித்தார். கார் நகர்ந்தது. என் ஜன்னலுக்கு நேராக, இரண்டாவது கியருக்கு –

இதை எழுதும்போது நான் சிரித்துவிட்டேன். நடுநிலை தவறியதற்காக வருத்தப்படப்போவதில்லை.

சத்தம் வந்தது. ரிவர்ஸ் எடுத்துவந்து மறுபடி மிதித்தார். மறுபடியும் வந்தது. ஒர்க்‌ஷாப்காரர் இறங்கி, காருக்கு அடியில் நுழைந்து, விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னது இது, பசை மாதிரி இருக்கு? இந்த வண்டி கியர் பெட்டிக்கு இவ்வளவு கெட்டியான எண்ணெய யார் ஊத்துனது?"

மெத்தைக்கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு மாசம் முன்னால லேசா முனகுச்சு. கெட்டியா ஊத்துனா அமுங்கிடும்னு நான்தான் வேற எடத்துல..."

[மெத்தை விற்பவருக்கு எந்தத் தொந்தரவு வந்தாலும் இன்னும் கொஞ்சம் பஞ்சை அடைத்தால் சரி.]

"ரெண்டாவது கியர் மாறறப்ப பல்லு உரசாம பிடிக்கிற வளையம் கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆறின வண்டில இந்த எண்ணெய மீறி அதால பிடிக்க முடியல. ஓடியோ பகல் வெயில்ல நின்னோ சூடானா எண்ணெய் இளகிடும், சத்தமும் போயிடும். அக்கா கால் மேல தப்பே இல்ல சார். சரியான எண்ணெய் ஊத்தினா இன்னும் ரொம்ப நாள் ஓடும்."

ஊசிக்காரி ஜன்னல் வழியே கையை விட்டு, சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரி, சரி. உள்ள வா, பேசிக்கலாம்" என்றார் புருஷன்.

"தெருவுலதானே சொன்னீங்க? தெருவுலயே சொல்லுங்க."

6

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அவர் காலில் விழுந்தார். அவ்வளவு தூரம் குனியும் ஆளில்லை. ஒன்றில் அவள் பெருந்தன்மையோடு சிரித்து விட்டுக்கொடுத்தாள்; பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் ஒர்க்‌ஷாப்காரர் ஒரு பக்கத்துக்குத் தத்துவம் பேசினார்.

நடந்தது இதுதான். அவர் காரைவிட்டு இறங்கி, நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். நான் நகர்ந்துகொள்ளவில்லை. பழியைக் கேட்ட தெரு பதிலையும் கேட்கட்டும். அவர் வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், முழுசாகவோ, மென்று முழுங்கியோ, உங்கள் இஷ்டம். அவள் பையிலிருந்து சாவியை எடுக்க மட்டும் உங்களுக்கு அனுமதி இல்லை. இந்தக் கதையில் என் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் அது. யார் கேட்டாலும் தருவதாக இல்லை. பத்து மணிக்கு வருகிற மாப்பிள்ளை, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகட்டும்.