முகத்துக்கு ஏற்ற லென்ஸ்

...நூறு எம்எம் மேக்ரோ என்றால் ஒரு மயிர்க்காலும் தப்பாது, ஆனால் தப்பாமல் பார்ப்பதா தமக்கு வேண்டியது, என்று பச்சையப்பன் கண்ணாடி மேசைமேல் இருந்த இரண்டு லென்ஸ்களையும் மாறி மாறிப் பார்த்தார், வேலூர்க் கோட்டைக்கு எதிரே இருந்த அந்தக் கேமராக் கடையில் ஏசி ஓடியும் கழுத்து வியர்த்தது. கடைக்காரர் ஜான்சன் கேட்டதோ எளிய கேள்வி, "அண்ணே, நீங்க ஜாஸ்தி இன்னா எடுப்பீங்க, அத மொதல்ல சொல்லுங்க." முகங்கள் என்று இவர் சொன்ன மறுகணம் பின்னால் நாற்காலியிலிருந்து மகள் பூர்ணிமா சிரித்தாளே... அது சிரிப்புத்தானா? ஆம்பூர்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தோலைத் தரம் பிரித்த கண், உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தடம், எதைக் கண்டாலும் சாக்கட்டியால் வட்டமிட்டு ஒதுக்கிய கண், ஆறு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப மகளைப் படமெடுத்தபோதும் அதே கண்ணைத்தானே கொண்டுபோனார், நான்கு வயதில் கஞ்சி கொட்டி வெந்த தாடை வடு நரம்பு நரம்பாய்த் துலங்க, எவ்வளவு துல்லியம் பார் என்று அவளிடமே காட்டி மகிழ்ந்தார், மகிழ்ந்தாயே பாவி, அன்று முதல் அவள் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயிரங்கண்ணுடையாள் என்று அம்மையைப் பாடுகிறோம், அத்தனை கண்ணில் ஒன்றாவது குறை தேடியிருக்குமா?

நாளை மறுநாள் அவள் ஓசூருக்கு வேலைக்குப் போகிறாள், இனி விடுதி வாசம். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. அதுவும் போன தடவ மாரியே இருந்துச்சுன்னா இனிமே கேக்காதப்பா" என்று சொல்லித்தான் கூடவே வந்திருக்கிறாள். ஒரே படம். மேக்ரோவைத் தம் கேமராவில் மாட்டி, நாற்காலியிலிருந்த அவளைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தார், வடு, அதைத் தவிர வேறொன்றுமில்லை, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். ஐம்பது எம்எம்மை மாட்டினார், அது மென்மையான லென்ஸ் என்கிறார்களே, அதிலும் பார்வை தாடைக்கே வழுக்கிப் போயிற்று, அப்படியானால் கோளாறு எங்கே, ஈசனே, லென்ஸ் கண்ணாடியிலா... "தூரத்துல நின்னா இது வேலைக்காவாதுண்ணே, கிட்ட போங்க" என்றார் ஜான்சன். கிட்டவா? படமெடுக்கையில் எவர் முகத்துக்கும் நான்கடிக்குள் போனதில்லையே, ஏன் போனதில்லை, ஓரடி வைத்தார், இன்னுமோர் அடி.

"இன்னாப்பா, தோலு பாக்குறியா, பொண்ண பாக்குறியா?"

ஜான்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். பச்சையப்பன் குவியப் புள்ளியைத் தாடையிலிருந்து மேலே நகர்த்தினார், கன்னம், இமை, விழி, அங்கே நிறுத்தினார், அவள் இம்முறை திரும்பவில்லை, நேராக இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பிலேயே ஏழு கறுப்பைத் தடவிப் பாராமல் பெயர் சொல்பவர் அவர், ஆனால் இந்த விழி கறுப்பே அல்லவே, தேன் கலந்த பழுப்பு, இருபத்துமூன்று ஆண்டுகளாகவா, பிறந்தபோதே இப்படியா, இடையில் மாறியதா... யாரைக் கேட்பது, அவளையேவா? விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தினால் அந்த ஒரு படமும் முடிந்து அவள் எழுந்துவிடுவாள்.