இத்தாலிக்கு ஆறு வெள்ளைப் புடவை

வெயிலில் என்ன உடுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம் இருக்கிறது என்பதே எனக்கு இருபத்தாறாம் வருஷம்தான் தெரியவந்தது. இத்தாலி தேசத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிற ஒரு துரைசாணி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசிக்க, எங்கள் வீட்டுக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்று கேட்டுவிட்டு வந்தார். ஜூலை மாசத்தில் அங்கே வெயில் கொளுத்துமாம். சன்னமான வெள்ளைப் பருத்திதான் உடுத்த வேண்டுமாம். கை மணிக்கட்டு வரைக்கும், பாவாடை கணுக்கால் வரைக்கும் இறங்க வேண்டுமாம். மாதா கோயிலுக்குள் போனால் தலையில் முக்காடு வேண்டும், கையோ தோளோ தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். இதற்கு ஒரு புத்தகமா என்று நான் சிரித்தேன். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் சந்துக்குள் வந்து கரீமா எப்படி உடுத்தியிருக்கிறாள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலே அந்த அம்மாவுக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

கரீமா நான்தான். எங்கள் வீட்டுக்காரர் ஷம்சுதீன், ரங்கூனில் துரைமார் வீடுகளுக்குத் தைக்கிறவர். முக்கியமான துணியை அவர் வெட்டித் தைப்பார். சின்னச் சின்னத் தையலும், பித்தான் வைப்பதும், கரிப் பெட்டி போட்டுத் தேய்ப்பதும் என் வேலை. எனக்கு வாய் நீளம். மனசில் ஒன்று வந்தால் அது நாக்கில் தங்காது. அப்படிப்பட்ட நானே ஒரு விஷயத்தை நாலு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பக்கத்து அறையில் குடியிருந்த பவுனம்மாளின் புருஷன் செத்துப்போனான் என்பதுதான் அது.

பவுனம்மாள் அந்தத் துரைசாணியின் குழந்தைக்கு ஆயா. அவள் புருஷன் வடிவேல் போட்டாதாங் ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பதினேழாம் வருஷம், பெரிய சண்டை நடந்தபோது, பிரான்சு தேசத்தில் கூலி வேலைக்கென்று ஆள் எடுத்தார்கள். மேஸ்திரியின் பட்டியலில் இருந்த சின்னத்தம்பி என்பவன் கப்பலேறும் நாளில் எங்கேயோ ஓடிப் பதுங்கிவிட்டான். தலை குறைந்தால் வம்பு என்று மேஸ்திரி வடிவேலைப் பிடித்துச் சின்னத்தம்பி என்ற பேரில் ஏற்றிவிட்டார். பேரில் என்ன இருக்கிறது, ஒரு வருஷத்தில் வந்துவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வடிவேலும் போனான். மகள் அம்சவேணிக்கு அப்போது இரண்டு வயசு. மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியாகிவிட்டது என்று யாரோ எழுதிக்கொடுத்த கார்டு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் ஜமால் எனக்கு மாமன் மகன். இருபத்திரண்டாம் வருஷம் ரங்கூனில் இறங்கியபோது எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டே அவன்தான் சொன்னான். சண்டை முடிவதற்கு முந்தின குளிர்காலத்தில் மார்சேல்ஸ் ஆஸ்பத்திரியில் அவன் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் வடிவேல் இருந்திருக்கிறான், தன் சொந்தப் பேரை அவனே சொல்லியிருக்கிறான். நெஞ்சில் சளி கட்டி அங்கேயே போய்விட்டான். ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, சின்னத்தம்பி என்று கல்லும் நட்டிருக்கிறார்கள். சாவுக் காகிதம் சின்னத்தம்பியின் சொந்த ஊருக்குப் போயிருக்கும், அங்கே யார் அழுதார்களோ தெரியாது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் அம்சவேணிக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அம்மை கண்ட வீட்டில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது, அது அவர்கள் வழக்கம். தண்ணீர் ஊற்றட்டும், பிறகு சொல்லலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். தண்ணீர் ஊற்றிய அன்றைக்குப் பவுனம்மாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, பிள்ளை பிழைத்துவிட்டாள் அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அன்றைக்கு விட்டதுதான், நாலு வருஷம் ஓடிவிட்டது. அவள் தினமும் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

துரைசாணி இத்தாலிக்குக் கூப்பிட்டபோது பவுனம்மாள் தலைகால் புரியாமல் ஓடி வந்தாள். கப்பல் மார்சேல்ஸில் அவர்களை இறக்கிவிடும், அங்கிருந்து ரயிலில் இத்தாலி. அந்த ஊரில் இறங்கினால் அவரைத் தேடிப் பார்த்துவிடுவேன் என்றாள். கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புக் கூறைப் புடவையைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். எத்தனை கூட்டத்திலும் அந்தச் சிவப்பு அவர் கண்ணில் படும் என்பது அவள் கணக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டு கரிப் பெட்டியை ஊதினேன்.

மறுநாள் துரைசாணி புத்தகத்தைப் பார்த்து ஆயாவின் உடுப்பையும் முடிவு செய்தாள். ஆறு வெள்ளைப் புடவை, முழுக்கை வைத்த ஆறு வெள்ளை ரவிக்கை. கப்பலிலிருந்து இறங்குவது முதல் திரும்பி ஏறுவது வரைக்கும் வேறு நிறம் ஆகாது. மற்ற துரைமார் வீடுகளில் ஆயாக்களுக்கு எப்போதுமே வெள்ளைதான், இந்த அம்மாதான் இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்தாள். முடியாது என்றால் கரேன் சாதிப் பெண் ஒருத்தி ஆயாவாக வரத் தயாராக இருக்கிறாளாம்.

சாயங்காலம் பவுனம்மாள் எங்கள் அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் போகலைக்கா. நாளைக்கே சொல்லிடுறேன்."

ஏன் என்று கேட்டேன், தெரியாதவள் மாதிரி.

"உசிரோட இருக்கிற மனுசன் முன்னால வெள்ளையக் கட்டிக்கிட்டா போயி நிப்பேன்? அதப் பாத்தா அவரு மனசு என்ன பாடுபடும்? அவரா வரட்டும். வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

வராத மனுஷனுக்காக, அவன் இருக்கிற ஊருக்குப் போகிற ஒரே கப்பலை இவள் விட்டுவிடப் போகிறாள். இனிமேல் இவளை மார்சேல்ஸுக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? எங்கள் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிற பார்வை. நான் சொல்லிவிட்டேன். ஜமால் சொன்னது, ஆஸ்பத்திரி, கல்லில் வெட்டிய பேர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் அழவில்லை. குளிரிலா போனார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கம்பளி கொடுத்திருப்பார்களா என்றாள். கொடுத்திருப்பார்கள் என்றேன், எனக்கு என்ன தெரியும்? பிறகு, எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்றாள். நாலு வருஷம் என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் குங்குமம், பூ, தாலி எல்லாம் அப்படியே இருக்க வந்தாள்.

"ஆறு ரவிக்கையும் தைக்கச் சொல்லுங்கக்கா. நான் போறேன். கூறைப் புடவையக் கட்டிக்கிட்டு அவரு கல்லு முன்னால நின்னு, அங்கேயே தாலியக் கழட்டி வெச்சிட்டு, அப்புறம் வெள்ளையக் கட்டிக்கிறேன். அது வரைக்கும் நான் வடிவேலு பொண்டாட்டிதான்."

துரைசாணியிடம் கேட்டதற்கு அந்த அம்மா கண் கலங்கிப்போய், மார்சேல்ஸில் அரை நாள் தருகிறேன், வண்டி வைத்தே அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தாளாம். எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரிடம் போய்ச் சின்னத்தம்பி என்கிற பேரை இங்கிலீஷில் எழுதி வாங்கி வந்தார். அந்தச் சீட்டைப் பவுனம்மாள் கூறைப் புடவையின் முதல் மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். புடவையை நான் மறுபடியும் தேய்த்து, மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து, ஒரு துண்டில் கட்டிக் கொடுத்தேன். நாலு வருஷத்துப் பாவத்துக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் எங்கள் வீடு முழுக்க வெள்ளைத் துணி. துரைசாணி தனக்கும் குழந்தைக்கும் தொப்பிகூட எங்களிடமே துணியில் தைக்கச் சொல்லியிருந்தாள். குழந்தையின் தொப்பிக்கு விளிம்பு ஆறு விரல் அகலம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். நாலு வயசுப் பெண் பிள்ளைக்கு ஆறு விரல் விளிம்பு வைத்தால் குடைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். இவர்களும் இவர்கள் புத்தகமும் என்று நானே நாலு விரலில் வெட்டி மடித்து அடித்துவிட்டேன். போட்டுப் பார்த்தபோது பிள்ளை அழகாகத்தான் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே மாசம் கப்பல் கிளம்பியது. அம்சவேணி எங்களோடு இருந்தாள். மழைக்காலம் பூராவும் அந்தப் பிள்ளை ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அம்மா இப்போது அப்பாவைப் பார்த்திருப்பாளா என்று கேட்கும். பார்த்திருப்பாள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த ஆறு மாசம் எனக்குத் தூக்கமே சரியாக இல்லை.

கார்த்திகை பிறந்த பிறகு கப்பல் வந்தது. அம்சவேணியை இழுத்துக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினேன். வெள்ளைப் புடவை இறங்குவது தூரத்திலேயே தெரிந்தது. முடிந்தது, கல்லைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தபோது பார்த்தால் நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அறைக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னாள். மார்சேல்ஸில் காலை எட்டு மணிக்கு இறங்கினார்கள். இத்தாலிக்கு ரயில் இரண்டு மணிக்கு. துரைசாணி வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று இவள் புடவை மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாமான் இறங்குகிற வரைக்கும் துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேர வெயிலில் குழந்தையின் கழுத்தும் கன்னமும் கன்றிச் சிவந்துவிட்டன. குழந்தை வாந்தி எடுத்தது. தொப்பி விளிம்பு பத்தவில்லை, முதலில் ஒரு நல்ல தொப்பி வாங்க வேண்டும் என்று துரைசாணி பதறினாள். அழுகிற குழந்தையை இவள்தான் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், இவளை விட்டு அது யாரிடமும் போகாது. கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு தொப்பி பிடித்து, மருந்தும் வாங்கியபோது மணி ஒன்று. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாளாம் துரைசாணி. திரும்பும்போது வேறு துறைமுகத்தில் ஏறிவிட்டார்கள், கப்பலிலும் வெள்ளையையே உடுத்தச் சொல்லிவிட்டாளாம்.

"இத்தாலியில தினமும் மாதா கோயில்தான்க்கா. முக்காடு போட்டுக்கிட்டு உள்ள போனா, தரையெல்லாம் சமாதி. ராசா, ராணி, குருமாருன்னு கல்லுலயே படுத்திருக்காங்க. ஊரான் வீட்டுச் செத்தவங்களையெல்லாம் நின்னு நின்னு பாத்துட்டு வந்தேன். நம்ம ஆளத்தான் பாக்கல."

அந்த ஊரில் புருஷனை இழந்தவர்கள் தலை முதல் கால் வரை கறுப்புத்தான் உடுத்துவார்களாம். வெள்ளை கல்யாணப் பெண்ணுக்காம். ஒரு கோயில் வாசலில் கறுப்பு உடுத்திய கிழவி ஒருத்தி இவள் வெள்ளைப் புடவையைத் தொட்டுப் பார்த்து, கல்யாணமா என்று ஜாடையில் கேட்டுச் சிரித்திருக்கிறாள். இவளும் சிரித்திருக்கிறாள், வேறு என்ன செய்வாள்?

பெட்டியைத் திறந்து அந்தத் துண்டு மூட்டையை என் மடியில் வைத்தாள். பிரித்தேன். நான் தேய்த்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. பேர் எழுதிய சீட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இனி நான் எதக் கட்டுறது, நீங்களே சொல்லுங்கக்கா. கல்லப் பாக்காம வெள்ளைக்கும் மனசு வரல. செத்தாருன்னு தெரிஞ்சும் செவப்பக் கட்ட முடியுமா?"

நான் சீட்டை உள்ளேயே விட்டு, புடவையை மறுபடியும் துண்டில் கட்டினேன்.

மறுநாள் குழாயடிக்கு அவள் பர்மாக்காரிகள் கட்டுகிற லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்தாள். மண் நிறம். புருஷன் இருந்தாலும் போனாலும் அவர்களுக்கு அதே உடுப்புதான். மூன்று வருஷமாகிறது, அதற்குப் பிறகு அவள் புடவை கட்டவில்லை. தாலி ரவிக்கைக்குள் கிடக்கிறது. கூறைப் புடவையை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அம்சவேணி கல்யாணத்துக்கு ஆகும் என்று நான் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

துரைசாணிக்குத் தொப்பி நினைவே இருக்காது. பவுனம்மாளும் தொப்பி என்றுதான் சொன்னாள், யார் தைத்தது என்று கேட்கவில்லை. ஆறு விரல் என்று புத்தகத்தில் இருந்ததும், நான் நாலு விரலில் வெட்டியதும் அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். அவள் காலையில் வேலைக்குப் போகும்போது, போயிட்டு வரேன்க்கா என்று என் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். சரி, போயிட்டு வா என்கிறேன்.