ஏழாம் கதவு

1946 பிப்ரவரி, யார்க்‌ஷயர். அன்று காலை லோகோ ஷெட்டில் இருந்தவர்கள்: ஃபோர்மேன் பிளென்கின்சாப், ஃபிட்டர் டாட்டர்சால், தலைமை அலுவலகத்து அதிகாரி மெல்லிஷ், சாவிக்காரர் வில்ஃப். கூடவே, உரித்த கோழி மாதிரி ஒரு நீராவி எஞ்சின்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அதற்கு நீலச் சட்டை போட்டிருந்தார்கள். காற்று வழுக்கிப் போகட்டும் என்று தலையிலிருந்து சக்கரம்வரை தகடு. மணிக்கு நூறு மைல் பறந்தது. பிஸ்கட் டப்பாவில்கூட அதன் படம் வந்தது. ஆனால் உள்ளே ஓர் ஆணி கழன்றால் தொட முடியாது. அதனால் தகட்டில் பதினான்கு கதவுகள். அவற்றைத் திறந்து பூட்ட வில்ஃப்.

போர் வந்தது. வேகத்தைக் குறைத்தார்கள். தகட்டுக்குள் அழுக்குதான் சேர்ந்தது. கடைசியில் சட்டையை உரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

கதவே இல்லாதபோது சாவிக்காரர் எதற்கு? எஞ்சின் கொட்டும் சாம்பலை அள்ளும் சாம்பல் குழிக்கு வில்ஃபை மாற்றுவதாகப் பேச்சு. ஐம்பத்தெட்டு வயது, பாதி நுரையீரல். ஒரு குளிர்காலம் தாங்கமாட்டார். எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் செய்யப்போவதில்லை.

வில்ஃப் உத்தரவைப் படித்தார். தகடுகளை அகற்றச் சொல்லியிருந்தது. கதவுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழாம் கதவை மட்டும் பழைய இரும்பிலிருந்து எடுத்துவந்து, நிலைச்சட்டத்தோடு எஞ்சின் படிக்கு மேலே திருகி நிறுத்தினார். இரண்டு பக்கமும் வெட்டவெளி.

டாட்டர்சால் எண்ணெய்க் கேனோடு அதைச் சுற்றி ஏறப் போனான்.

"யோவ், ஏன் சுவரேறிக் குதிக்கிறே? கதவு எதுக்கு இருக்கு?" என்றார் வில்ஃப்.

"சுவரு எங்கேய்யா இருக்கு? உன் மூளைதான் கழண்டிருக்கு, அதை முதல்ல திருகு."

மெல்லிஷ் குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "ஃபோர்மேன், இது என்னய்யா?"

"ஏழாம் கதவு சார். பூட்டியாச்சுன்னு சாவிக்காரர் கையெழுத்து போடாம எஞ்சின் கிளம்பக் கூடாது. ரூல் புக்ல இருக்கு."

"இது வழியா ஒரே ஒருத்தர் உள்ளே போறதைக் காட்டுங்க, இவர் வேலையை விட்டுவைக்கிறேன். இல்லேன்னா திங்கட்கிழமை சாம்பல் குழி."

டாட்டர்சால் தரையைப் பார்த்தான். பிளென்கின்சாப் இருமினார். கதவுப் பக்கம் யாரும் போகவில்லை.

"சரி, எஞ்சின் மேல இருக்கிற பம்ப் நம்பரைக் குறிச்சுட்டுக் கிளம்பறேன்" என்று மெல்லிஷ் படியருகே வந்தார். "எப்படிப் போகணும்?"

வில்ஃப் சாவியைத் திருகிக் கதவைத் திறந்து, ஒதுங்கிப் பிடித்துக்கொண்டார்.

"தாங்க்ஸ்" என்றார் மெல்லிஷ். தொப்பியைக் கழற்றினார். படியில் பூட்ஸைத் துடைத்தார். தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார்.

"காத்து அடிக்கும் சார்" என்று சொல்லி, வில்ஃப் கதவைச் சாத்திப் பூட்டினார்.